இருபத்து நான்கில் ஐந்து

என் தம்பி ஷவ்கி செத்துப்போன செய்தி குவைத்தில் என் ஆபீசுக்கு வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் முகம் இல்லை, வீடு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் மறைத்ததெல்லாம் போதும்.

வரியே இல்லாத ஊரில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். உறைந்த கோழி இறக்குமதி செய்யும் கம்பெனி. சம்பளம் வந்தால் அப்படியே முழுசாக வரும். அப்படிப் பழகியவனுக்கு வரி என்றால் பேய் மாதிரி. கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் இருட்டைக் கண்டாலே நடுக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் எங்கள் சொந்த ஊரான ஸிஃப்தாவில் நான் மூன்று மாடி வீடு கட்டினேன். நைல் கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அந்தச் சமயத்தில்தான் குவைத்தின் ஹவல்லிப் பகுதியில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் காபிக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. வெளிநாட்டில் இருக்கிறவன் பெயரில் வீடு இருந்தால் அரசாங்கம் பாஸ்போர்ட்டைப் பார்த்து வரி போடப்போகிறதாம். எவன் சொன்னான், எந்தச் சட்டம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கு படித்த நானே கேட்கவில்லை.

அதனால் மனையை ஷவ்கி பெயரில் வாங்கச் சொன்னேன். வீடும் அவன் பெயரிலேயே எழும்பியது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற வாத்தியார் பெயரில் வீடு இருந்தால் எவன் சந்தேகப்படப் போகிறான்? பணத்தை பாங்கில் அனுப்பவில்லை, ரசீது எதுவும் இல்லாமல் கை மாறிப் போகிற உண்டியலில் அனுப்பினேன். வெளிச்சுவரைப் பூச வேண்டாம், மொட்டைமாடியில் கம்பிகளை அப்படியே நீட்டிக்கொண்டு விடு என்றேன். கட்டி முடிக்காத வீட்டுக்கு வரி கிடையாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் நைல் டெல்டா முழுக்க வீடுகள் செங்கல் தெரிய நிற்கின்றன. உள்ளே பளிங்குத் தரை, வெளியே அனாதைக் கோலம்.

முதல் மாடியில் ஷவ்கியும் அவன் மனைவி இன்ஸாஃபும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டாவது மாடி எனக்கும் என் மனைவி சுஹைருக்கும். வருஷத்தில் ஒரு மாதம் போய், மூடிய வெள்ளைத் துணியையெல்லாம் எடுத்துவிட்டு உட்காருவோம். மூன்றாவது மாடி என் மகன் ஹைதமின் கல்யாணத்துக்கு என்று பூசாமல் கிடந்தது.

வீடு முடிந்த கோடையில் இன்ஸாஃப் வாத்து அடித்து விருந்து வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் ஷவ்கி உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தான். அவன் கையெழுத்து அச்சு கோத்தது போல இருக்கும். இந்த வீடு முழுக்க என் அண்ணன் ரஃபத்தின் பணத்தில் கட்டியது, எனக்கு இதில் எதுவும் சொந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். "உயிர் யார் கையில இருக்கு அண்ணே? இது உன்கிட்ட இருக்கட்டும்" என்றான்.

நான் படித்துப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா தாஹா, இன்ஸாஃப், சுஹைர், குழந்தைகள். நான் எழுந்து நின்று அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"அண்ணன் தம்பிக்குள்ள காகிதமாடா? இது உன் வீடு. இந்த நிமிஷத்திலிருந்து உன் வீடு. பேச்சு முடிஞ்சுது" என்றேன்.

சித்தப்பா தாஹாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்ஸாஃப் குலவை போட்டாள். ஷவ்கி என்னைக் கட்டிக்கொண்டான். சுஹைர் மட்டும் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு என்னைத் தெரியும். நான் கிழித்தது பாசத்தில் இல்லை. அப்படி ஒரு காகிதம் இருந்தால் என்றைக்காவது வரிக்காரன் கையில் சிக்கும் என்ற பயத்தில். ஒரே கிழியில் பயமும் தீர்ந்தது, பெருமையும் வந்தது. அன்று ராத்திரி என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

போன வருஷம் ஹைதமுக்குப் பெண் நிச்சயமானது. ஆற்றுக்கு அக்கரையில் மீத் கம்ர் ஊர்ப் பெண். அவள் அப்பா நீர்ப்பாசன இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளந்து பார்க்கிற ஆள். "மாப்பிள்ளை பேர்ல மாடி இருக்கணும். பெரியப்பா சித்தப்பா பேர்ல எல்லாம் கூடாது. அடுத்த கோடைக்குள்ள பத்திரத்தைக் காட்டுங்க, கல்யாணத்தை வச்சுக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. நான் ஷவ்கியைக் கூப்பிட்டேன்.

"இந்த வாரமே வா அண்ணே. மூணு மாடியையும் உன் பேருக்கு மாத்திடறேன். எனக்கு மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்குது" என்றான்.

"டாக்டரைப் பாரு."

"பார்த்தாச்சு. படி ஏறாதேங்கறாரு. என் வகுப்பு மூணாவது மாடியில. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? நீ வா."

"இப்ப மாத்தினா கைமாத்து வரி நூத்துக்கு ரெண்டரை போயிடும்டா. அதைக் குறைக்கப் போறாங்கன்னு இங்க பேசிக்கறாங்க. கோடை வரைக்கும் பொறு."

"வரி போகட்டும் அண்ணே, நான் கட்டறேன்" என்றான்.

"உன் சம்பளத்துலயா? நீ போய் உலக உருண்டையைச் சுத்துடா பூகோளம்" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்பதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் விழுந்தான். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில்.

நான் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தெருவை அடைத்துப் போட்ட துக்கப் பந்தலில் மூன்று நாள் நின்று கை கொடுத்தேன். ஓதுகிறவர் ஓதினார், சர்க்கரையில்லாக் காபி வந்துகொண்டே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "உங்களை மாதிரி அண்ணன் தம்பியை இந்த ஊர் பார்த்ததில்லை." நான் தலையாட்டிக்கொண்டே பந்தலுக்கு மேலே தெரிந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிக்குப் போய் இன்ஸாஃபை எங்கள் வழக்கப்படி மூத்த மகள் பெயர் சேர்த்துக் கூப்பிட்டு, "உம் ரீஹாம், ஷவ்கியோட இரும்புப் பெட்டி எங்க இருக்கு? பத்திரத்தைப் பார்க்கணும்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி வரவில்லை.

மறுநாள் வக்கீல் பஹ்கத்திடம் போனேன். பள்ளியில் என்னோடு படித்தவன். அதனால் கட்டணம் பாதி, கிண்டல் முழுசு.

"பணம் அனுப்பின பாங்க் ரசீது கொண்டா" என்றான்.

"உண்டியல்ல அனுப்பினேன்."

"சரி. தம்பி ஏதாவது எழுதிக் கொடுத்தானா?"

"கொடுத்தான். கிழிச்சுட்டேன்."

"சாட்சி?"

"சித்தப்பா தாஹா பக்கத்துலதான் இருந்தார்."

"கிழிச்சதுக்கா?" பஹ்கத் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏம்பா ரஃபத், திருடன்கூடத் தடயத்தை இவ்வளவு சுத்தமா அழிக்க மாட்டான். உன் வீட்டை நீயே திருடி இன்னொருத்தன் வீட்ல ஒளிச்சு வச்சிருக்க."

பிறகு ஒரு தாளை எடுத்து இருபத்து நாலு கோடு போட்டான். எங்கள் ஊரில் எந்தச் சொத்தையும் இருபத்து நாலு கீராத் என்றுதான் பிரிப்பார்கள். "பொண்டாட்டிக்கு எட்டுல ஒண்ணு, மூணு கீராத். ரெண்டு பொண்ணுங்களுக்கு மூணுல ரெண்டு, பதினாறு. ஆம்பளைப் பிள்ளை இல்லாததால மிச்சம் அண்ணனுக்கு. வாழ்த்துகள். உன்னோட வீட்ல அஞ்சு கீராத் உனக்கு வாரிசுச் சொத்தா வருது."

ஒரு மாடி என்றால் எட்டு. ஐந்து என்பது ஒரு மாடிகூட இல்லை. கூடமும் ஒரு படுக்கையறையும் வரும், சமையலறை வராது. நான் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டேன். வியாதி அப்படி.

"ஒரு வழி இருக்கு. கோர்ட்ல அந்தம்மாவைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்கலாம். ‘இந்த வீடு ரஃபத்தோடது இல்லை’ன்னு குர்ஆன் மேல சத்தியம் பண்ணிட்டா நீ தோத்த, அப்புறம் அப்பீலே கிடையாது. பண்ண மாட்டேன்னா நீ ஜெயிச்ச. அவங்க பொய்ச் சத்தியம் பண்ணுவாங்களா?"

"இன்ஸாஃபா? மாட்டா" என்றேன். ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு ஓரமாக வைக்கிறவள் அவள்.

போகிற வழியில் சித்தப்பா தாஹாவைப் பார்த்தேன். எண்பது வயது, காது மட்டும் மந்தம். நடந்ததைச் சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். "வராம? எங்க வேணா வந்து சொல்றேன். காகிதத்தை வாங்கி நாலா கிழிச்ச பாரு, அந்த மாதிரி மனசு யாருக்குடா வரும்! பன்னெண்டு வருஷமா மசூதியில நான் சொல்லாத ஆள் இல்லை" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டார். கையை உருவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் இன்ஸாஃபின் கூடத்துக்குப் போனேன். அவள் கறுப்பு உடையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் ரீஹாம் காபித் தட்டோடு வந்து கதவோரம் நின்றாள். இருபத்திரண்டு வயது, அப்பனுக்கு இருந்த அதே நெற்றி. நான் சுற்றி வளைக்காமல் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். சத்தியம் கேட்க வேண்டிவரும் என்றேன். பயந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கேளுங்க அபூ ஹைதம். நான் பண்றேன்" என்றாள்.

"பொய்ச் சத்தியமா?"

"என்ன பொய்? பணம் உங்களோடதுன்னு எனக்குத் தெரியும். செங்கல் எண்ணி இறக்கினவ நான். ஆனா அன்னிக்கு இந்தக் கூடத்துல எழுந்து நின்னு, ‘இது உன் வீடு, இந்த நிமிஷத்திலிருந்து உன் வீடு’ன்னு சொன்னது யாரு? நான் குலவை போட்டேனே. அதுக்கா போட்டேன், வாத்துக்கறிக்கா போட்டேன்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப பொய்யா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது நெஜமா, பொய்யா? பொய்னா கோர்ட்ல வந்து, ‘நான் வரிக்குப் பயந்து என் தம்பியைக் கட்டிப்பிடிச்சுப் பொய் சொன்னேன்’னு நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லிட்டா நான் சத்தியமே பண்ணல. சாவியைத் தட்டுல வச்சுக் கொடுத்துட்டு என் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

ரீஹாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கிழித்தபோது அவளுக்குப் பத்து வயது, கைதட்டியவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் ‘என் பெரியப்பா’ என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியதை ஷவ்கி போனில் படித்துக் காட்டியிருக்கிறான். பொய் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் வீடு என்னுடையது. வாய் வரவில்லை. என் பெருந்தன்மை இவ்வளவு விலை போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அவர் சாகறதுக்கு நாலு நாள் முன்னாடிகூடச் சொன்னாரு" என்றாள் இன்ஸாஃப். "‘அண்ணன் வரட்டும், மாத்திடணும்’னாரு. நானும் சரின்னேன். நீங்க வந்திருந்தா நானே பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பேன். நீங்க வரல. மாடிக்கு வந்தீங்க, மூணாம் நாள். காபி ஆறறதுக்குள்ள பெட்டி எங்கன்னீங்க. ‘பொண்ணுங்க சாப்பிட்டாங்களா’ன்னு கேட்டீங்களா? எனக்கு ஒரு பையன் இருந்திருந்தா உங்களுக்கு அந்த அஞ்சும் கிடையாது. என் பொண்ணுங்க பங்குல உங்களுக்கு அஞ்சு சட்டப்படி வருது, எடுத்துக்குங்க. மிச்சத்தை நான் விட மாட்டேன்."

நான் காபியைக் குடிக்காமல் எழுந்தேன். அவளை அன்று அறைய வேண்டும்போல இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் ஆத்திரம்.

சத்தியம் கேட்கவில்லை. குடும்பக் கோர்ட்டில் வாரிசுச் சான்று எழுதினார்கள். குமாஸ்தா பெயர்களையும் பங்குகளையும் படித்துவிட்டு, "அண்ணனுக்கு அஞ்சு. ஏத்துக்கறீங்களா, இல்ல பொண்ணுங்களுக்கே விட்டுக் கொடுக்கறீங்களா? பலபேர் விட்டுக் கொடுப்பாங்க" என்றான். சித்தப்பா தாஹா முதல் ஆளாக என் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் மலர்ந்து. இன்னொரு கிழியை எதிர்பார்த்தார் போலிருக்கிறது. என் வாயும் ஒரு தடவை திறந்தது. பிறகு கூடமும் ஒரு படுக்கையறையும் கண்முன்னால் வந்தன. "ஏத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மீத் கம்ர் என்ஜினீயர் சான்றை வாங்கிப் பார்த்து, இரண்டு தரம் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் நிச்சயதார்த்த நகைகளை ஒரு வளையல்கூடக் குறையாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுஹைர் நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திட்டீங்க. என் புள்ளையும் உள்ள இருந்தான், அதையாவது பார்த்தீங்களா?" என்றாள். ஹைதம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்று கேட்டான்: "அப்பா, அந்த வரி எவ்வளவுன்னு ஒருநாளாவது யாரையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். அவன் வேலை பார்க்கக் குவைத்திலேயே தெற்கே அஹ்மதிக்குப் போனவன், வெள்ளிக்கிழமைகூட வீட்டுக்கு வருவதில்லை.

போன மாதம் ரீஹாம் போனில் ஒரு படம் அனுப்பினாள். வீட்டுக்கு வெளிச்சுவர் பூசி இளம் ஆரஞ்சு நிறத்தில் வண்ணம் அடித்திருந்தார்கள். மொட்டைமாடிக் கம்பிகளை அறுத்துவிட்டார்கள். இவ்வளவு அழகான வீடா நான் கட்டினேன் என்று இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "பெரியப்பா, அப்பாவுக்கு இது ரொம்ப நாள் ஆசை. நீங்க வேண்டாம்னு சொன்னதால செய்யாம இருந்தாரு. பூசினதும் வரி ஆபீஸ்லருந்து அளக்க வந்தாங்க. நாங்க குடியிருக்கிற மாடியைக் கழிச்சுட்டு மத்ததுக்குப் போட்டிருக்காங்க. வருஷத்துக்கு நானூத்தி முப்பத்திரண்டு பவுண்டு. உங்க பங்கு தொண்ணூறு. அம்மா கட்டிடலாம்னாங்க. உங்க பங்கு உங்களோடதா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

நானூற்று முப்பத்திரண்டு. மூன்று தினாருக்கும் குறைவு. என் ஆபீஸ் எதிரில் ஒரு தட்டு கபாப் அதைவிட அதிகம். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன், ஐயாயிரத்து நூற்று எண்பத்து நாலு. இரண்டாவது மாடிக் கூடத்தில் நான் தொங்கவிட்ட சரவிளக்கு அதைப்போல இரண்டு பங்கு விலை.

தொண்ணூறு பவுண்டை பாங்கில் போய் அனுப்பினேன். அனுப்பும் கட்டணம் இரண்டு தினார், அனுப்பிய பணம் அரை தினாருக்குக் கொஞ்சம் மேலே. கவுண்டரில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அவ்வளவுதானா அங்கிள்?" என்றான். அவ்வளவுதான் என்றேன்.

வரி ரசீதின் அசலை ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ரீஹாம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் நாலு பெயர்களும் இருந்தன. கடைசியில் ரஃபத் அப்துல் ஹாதி, ஐந்து கீராத். அந்த வீட்டுக்கென்று அரசாங்கம் கொடுத்த ஒரு காகிதத்தில் என் பெயர் இருப்பது இதுதான் முதல் தடவை. ரசீதோடு ஒரு துண்டுத்தாளில் யார் யாருக்கு எவ்வளவு என்று அவளே கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

அச்சு கோத்தது போன்ற எழுத்து. ‘ரஃபத்’ என்ற பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து வளைத்திருந்தாள், அவள் அப்பன் எழுதுவது போலவே. அந்த எழுத்தை இதற்கு முன்னால் ஒரே ஒரு காகிதத்தில்தான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறேன். "உயிர் யார் கையில இருக்கு அண்ணே?" என்று அதை நீட்டிக்கொண்டு நின்றவனின் முகம் அப்போதுதான் எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. தம்பி செத்து எட்டு மாதம் கழித்து, ஆபீஸ் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்காக முதல் முறையாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தத் துண்டுத்தாளை ரசீதோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.